செக்ரோலில் ஏறாத வேலை

கோர்ஸ் பிடுங்கப் போகிறேன் என்றதும்
"என்ன கோர்ஸ், கம்பியூட்டரா?" என்றான் மகன்.
முள்ளுடா. மஞ்சள் பூ முள்ளு.
வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி,
இப்போது மலையையே வளைத்துக்கொண்டு நிற்கிறது.

"சம்பளம்?"
இல்லை.
"அரைப் பேராவது?"
பேரே இல்லை.
அவன் போர்வைக்குள் திரும்பிப் படுத்தான்.

பட்டிப்பொல ஸ்டேசனுக்கு மேலே
கடைசித் தேயிலை நிரை முடிந்து
டர்பன்டைன் மரங்களும் முடிகிற இடத்தில்
பத்தனை.
தோட்டத்துக் கணக்கில் அது சும்மா கிடக்கும் நிலம்.
சும்மா கிடக்கிற நிலத்தில்
கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட கீரி ஒன்று
ஏதோ அவசர வேலையாய்க் குறுக்கே போனது.
நகத்தளவு தவளை என் செருப்பில் ஏறி
யோசித்துவிட்டு இறங்கியது.

நாங்கள் பதினொரு பேர்.
வெலிமடை ஜவ்பர், மரக்கறி லொறியோடு.
ரயில் கேட்டடி விக்டர், அலவாங்கோடு.
கெம்பஸில் படித்த நிலூக்கா,
சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவள்.
நான், இடுப்பில் படங்கோடு.

கோர்ஸ் பூவை முகர்ந்தால் தேங்காய் வாசம்.
சிரிப்பு வந்தது.
தேங்காய் விற்கிற விலையில்
முள்ளில் இருந்தாவது மணக்கட்டும்.

மத்தியானம் நிலூக்கா என் கையில்
புல் நாற்று ஒன்றைத் தந்தாள்.
"நடுங்க அக்கா."
பத்தொன்பது வருசம் புல் பிடுங்கின கை.
தேயிலைக்குள் மானா ஒரு விரல் தலை நீட்டினாலும்
கங்காணி என் பேரைச் சொல்லிக் கத்துவார்.
குழி தோண்டிவிட்டு
யாராவது பார்க்கிறார்களா என்று
ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் ஞாயிறு.
விக்டர் அலவாங்கை ஓங்கியவர் அப்படியே நின்றார்.
ஒரு புதரின் வேரடியில், மண் குழிவில்,
கிண்ணமாய்ச் சுற்றின புல். அதற்குள் மூன்று முட்டை.
கறுப்புக் குருவி கல்லில் இருந்து
எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

பிடுங்கலாம் என்றார் ஜவ்பர். காய் முற்றிப்போச்சு,
வெயில் அடித்தால் வெடிக்கும்.
பொறுக்கலாம் என்றேன் நான்.
ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.
நிலூக்கா தலையைச் சொறிந்தாள்.
அவள் படித்ததில் இரண்டு பக்கமும் இருந்திருக்க வேண்டும்.
கடைசியில் ஜவ்பரே
லொறியில் இருந்து சிவப்புப் பொலிதீன் எடுத்துவந்து
அந்தப் புதரில் கட்டினார்.

நாலு ஞாயிறு.
குஞ்சுகள் பறந்து போயின.
நல்ல வெயிலும் அடித்தது.
டப், டப் என்று சோளப்பொரி மாதிரிக்
காய்கள் வெடிப்பதை
சாப்பாட்டுப் பார்சலோடு உட்கார்ந்து கேட்டோம்.
"விதை முப்பது வருசம் மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும்"
என்றாள் நிலூக்கா.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
எனக்கு நாற்பத்தி நாலு.
விரலில் எண்ணிப் பார்த்து
விட்டுவிட்டேன்.

அந்தப் புதரை நானே பிடுங்கினேன்.
கூட்டை மட்டும் அங்கேயே வைத்தேன்.

திங்கள் காலை பிரட்டுக்களம்.
பதினோராம் நம்பர் மலை, புல்லு வேலை.
தேயிலைத் தூரில் ஒரு மானா,
நான் மேலே நட்டதின் தங்கச்சி போல.
கை ஒரு நிமிசம் நின்றது.
பிறகு பிடுங்கினேன்.
மாசக் கடைசியில் கடைக்காரனுக்கு
என்ன சொல்ல?

அடுத்த ஞாயிறு மேலே போனால்
எங்கள் நாற்றில் இரண்டு வரிசையைக் காணோம்.
ஈர மண்ணில் பிளந்த குளம்படி,
பக்கத்தில் ஆவி கூட அடங்காத சாணி.
மரை.
"ஐயோ, அவ்வளவும் தின்னுட்டுதே!" என்றேன்.
நிலூக்கா குந்தி உட்கார்ந்து
வெட்டுப்பட்ட நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.
அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில்
நான் கண்டதில்லை.

விக்டர் சாக்கை விரித்தார்.
இன்னும் அறுபது நாற்று இருந்தது.
மூடுபனி வருவதற்குள்
முடித்தாக வேண்டும்.